எந்தக் காலத்துத் திருகை?



நீங்கள் என்றாவது ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பானை இருக்கும். பக்கத்தில் ஒரு சிறு அட்டை இருக்கும். ‘சங்க காலம்’ என்றோ ‘பெருங்கற்காலம்’ என்றோ அதில் எழுதியிருக்கும். பானையைப் பார்ப்போம், அட்டையைப் படிப்போம், அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவோம். இன்று பானையை விட்டுவிட்டு அட்டையின் முன்னால் சற்று நிற்போம்.

2024-ஆம் ஆண்டில் எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஒரு சிறிய காட்சிசாலைக்குப் போயிருந்தேன். இயற்பியல் ஆசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். வகுப்பில் கதிரியக்கக் கார்பன் பாடம் நடந்துகொண்டிருந்தது. சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். அதனால் புறப்பட்டோம்.

அங்கே ஒரு மூலையில் ஒரு திருகை இருந்தது. திருகையை உங்களில் சிலர் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு வட்டக் கற்கள். மேற்கல்லின் நடுவிலுள்ள குழியில் தானியத்தைப் போட்டு, ஓரத்திலுள்ள மரப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் விளிம்பில் மாவு உதிரும். அட்டையில் ‘கற்காலத் திருகை. மலைவாழ் பழங்குடியினர்’ என்று இருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவன் அதன் முன்னால் வெகு நேரம் நின்றான்.

“சார், எங்க ஆயா போன வாரம் இதுலதான் கேவுரு அரைச்சாங்க” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “அப்போ எங்க ஆயா கற்காலமா சார்?” என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த அட்டையில் இரண்டு தவறுகள் இருந்தன. முதலாவது எளிதில் புரிவது. திருகைக் கல்லின் முகத்தில் வரிவரியாகக் கொத்துத் தழும்புகள் இருக்கும். தேய்ந்துபோனால் மீண்டும் கொத்திக் கொடுப்பார்கள். ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று தெருவில் குரல் கொடுத்து வந்தவர்களிடம் உங்கள் பாட்டிமார் கொத்தி வாங்கியிருப்பார்கள். எதனால் கொத்துவார்கள்? இரும்பு உளியால். இரும்பு உளியால் கொத்திய கல்லைக் கற்காலம் என்று எழுதியவர், ‘கல்லால் ஆனது, ஆகவே கற்காலம்’ என்று எண்ணியிருக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி உங்கள் வீட்டு மாவரைக்கும் கிரைண்டரும் பாதி கற்காலம்தான்!

இரண்டாவது தவறு ஆழமானது. ‘கற்காலம்’ என்பது ஒரு காலத்தின் பெயரா, ஒரு நிலையின் பெயரா, ஒரு மக்களின் பெயரா? அட்டையை எழுதியவர் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார். இந்தக் குழப்பம் அவர் தொடங்கியதன்று. அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டு வயது.

தாம்சனின் மூன்று அலமாரிகள்

டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் கிறிஸ்தியன் தாம்சன் என்றொருவர் இருந்தார். வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பழைய நாணயங்களைச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். நாட்டின் பழம்பொருள் குவியலை ஒழுங்குபடுத்தும் வேலை அவரிடம் வந்தது. எல்லாப் பொருள்களும் கலந்து கிடந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று யாருக்கும் தெரியாது. வெட்டும் கருவி எதனால் ஆனது என்பதையும், ஒரே புதைகுழியில் எவை எவை சேர்ந்து கிடைத்தன என்பதையும் பார்த்து, கல், வெண்கலம், இரும்பு என்று மூன்று காலங்களாக அவர் பிரித்தார். அந்த அருங்காட்சியகம் 1819-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1836-இல் இந்த முறையை விளக்கும் கையேடு வெளிவந்தது.

டென்மார்க்குக்கு அது அருமையாகப் பொருந்தியது. பிறகு அந்த மூன்று அலமாரிகளையும் மற்றவர்கள் உலகமெங்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

‘இரும்புக் காலம்’ எப்போது? டென்மார்க்கில் கேட்டால், ஏறத்தாழ கி.மு. 500-இல் தொடங்கிக் கி.பி. 800 வாக்கில், வைக்கிங் காலம் வரும்வரை என்பார்கள். இங்கிலாந்தில் கி.மு. 800 முதல், ரோமர் படையெடுத்த கி.பி. 43 வரை. மேற்கு ஆசியாவில் கி.மு. 1200 வாக்கில் தொடங்குகிறது. நம் ஊருக்கு வருவோம். மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளுக்குக் கி.மு. 2172 என்று தமிழ்நாட்டு அரசு 2022-இல் அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்குக் கி.மு. 3345 வரை செல்லும் கணிப்பு இருந்தது. இக்கணிப்பை மேலும் பல இடங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உள்ளனர்; அறிவியலில் அது முறையான கோரிக்கையே.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மொகஞ்சதாரோ செழித்திருந்தது கி.மு. 2600 முதல் 1900 வரை. பாடநூலில் அது வெண்கலக் காலம். சிவகளைக் கணிப்பு நிலைத்தால், பொருநைக் கரையின் ‘இரும்புக் காலம்’ சிந்துக் கரையின் ‘வெண்கலக் காலத்துக்கு’ முந்தியதாகிவிடும்! போதாக்குறைக்குத் தென்னிந்தியாவில் தனியாக ஒரு வெண்கலக் காலமே தெளிவாக இல்லை. புதிய கற்காலத்திலிருந்து நேரே இரும்புக்கு வந்துவிடுகிறோம். தாம்சனின் நடு அலமாரி நம் வீட்டில் காலியாக நிற்கிறது.

ஆகவே ‘இரும்புக் காலம்’ என்று மட்டும் எழுதிய அட்டை, ‘மூன்று முழம்’ என்று எழுதிய அட்டையைப் போன்றது. யாருடைய முழம்? பூக்கடையில் குட்டைக் கைக்காரரிடம் வாங்கினால் நட்டம் நாலு பூவோடு போகும். ஆனால் ஒருநாள் ஓர் ஆராய்ச்சி மாணவி கணிப்பொறியில் ‘இரும்புக் காலம்’ என்று தட்டித் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்துத் தாழிகளைப் ‘பெருங்கற்காலம்’ என்று பதிந்து வைத்திருக்கும் காட்சிசாலையின் பொருள் ஒன்றுகூட அவள் கண்ணில் படாது. அவளைப் பொறுத்தவரை அவை மண்ணுக்குள் இருப்பவைதாம்.

இயற்பியலாரின் ‘இன்று’

இதுபோன்ற சிக்கலை எங்கள் துறை எவ்வாறு கையாண்டது என்று சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது.

உயிருள்ளவை யாவும் காற்றிலுள்ள கார்பன்-14 என்னும் கதிரியக்க அணுக்களைச் சிறிதளவு ஏற்கின்றன. உயிர் போனதும் வரவு நின்றுவிடும்; இருப்பு மட்டும் சிதைந்துகொண்டே வரும். மிச்சத்தை அளந்தால் இறந்து எத்தனை ஆண்டாயிற்று என்று கணக்கிடலாம். வில்லார்டு லிபியும் அவருடைய குழுவினரும் 1949-இல் இதைச் செய்து காட்டினர். 1960-இல் லிபிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கார்பன்-14-இன் அரை ஆயுள் 5568 ஆண்டு என்று லிபி கொண்டார். பின்னர் துல்லியமாக அளந்ததில் 5730 என்று தெரிந்தது. ஏறத்தாழ 3 விழுக்காடு வேறுபாடு. 2500 ஆண்டு என்று கணக்கிட்டது உண்மையில் 2573 ஆகிறது. சரியான எண் கிடைத்தவுடன் பழையதைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்கள் 5568-ஐ வைத்துத்தான் ‘கதிரியக்கக் கார்பன் ஆண்டு’களைக் கணக்கிட்டு வெளியிடுகின்றன. அதற்குள் ஆயிரக்கணக்கான முடிவுகள் பழைய எண்ணில் அச்சாகிவிட்டன. பாதிப் பேர் மாறி, பாதிப் பேர் மாறாதிருந்தால் எந்த முடிவை எந்த முடிவோடு ஒப்பிடுவது? எனவே எல்லாரும் அறிந்தே ஒரே பிழையைச் செய்வது, பிறகு ஒரே அட்டவணையை வைத்து அதை நாட்காட்டி ஆண்டுகளாகத் திருத்திக்கொள்வது என்று உடன்பட்டார்கள்.

‘இன்றைக்கு முன் 2500 ஆண்டு’ என்றால் எந்த இன்று? ஆய்வகம் கணக்கிட்ட நாளா, நீங்கள் படிக்கும் நாளா? அதற்கும் ஓர் உடன்பாடு உண்டு. எங்கள் ‘இன்று’ 1950-ஆம் ஆண்டு. அது நகராது. பிற்பாடு நடந்தது இந்தத் தேர்வுக்கு இன்னும் வலுவூட்டியது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வானவெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலிருந்த கார்பன்-14 ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. 1950-க்குப் பின் வந்த காற்று பழைய காற்று அன்று.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் இயற்கை ஓரிடத்தில் கையை விரிக்கிறது. திருத்த அட்டவணையை ஒரு வளைகோடாக வரைந்தால், கி.மு. 800 முதல் 400 வரை அது ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது வெட்டிய மரமாயினும் கிட்டத்தட்ட ஒரே கார்பன் கணக்கைத்தான் காட்டும். கீழடியின் ஒரு மாதிரிக்குக் கி.மு. 580 என்று 2019-இல் வெளியிட்டபோது நம் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த எண் தட்டையான பகுதியில் விழுகிறது. ஆகவே மண்ணடுக்கு, பானை வகை, எழுத்தின் வடிவம் ஆகியவற்றின் துணையோடுதான் அதைப் படிக்க வேண்டும். அட்டையில் ஒற்றை ஆண்டை எழுதுவதைவிட ‘இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள்’ என்று எழுதுவதே நேர்மை.

பெயரில் உள்ள வில்லங்கம்

ஆண்டுகளை எண்ணால் எழுதிவிட்டால் போதுமே, பெயர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மனிதர்கள் எண்ணால் தேடுவதில்லை. ‘சோழர் காலத்துச் சிலை’ என்றுதான் கேட்போம். பெயர் வேண்டும். ஆனால் எண்ணில் இல்லாத ஒன்று பெயரில் ஒட்டிக்கொள்கிறது. பெயர் வைத்தவரின் பார்வைதான் அது.

ஜேம்ஸ் மில் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1817-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதினார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. நம் வரலாற்றை இந்து, முகம்மதியர், பிரிட்டிஷ் என்று மூன்றாக வெட்டினார். முதலிரண்டுக்கும் சமயத்தின் பெயர். மூன்றாவதற்கு மட்டும் நாட்டின் பெயர்! இந்தப் பிரிவை அட்டையில் எழுதிப் பாருங்கள். அமராவதியின் பௌத்தத் தூபியும் சமணக் குகைப் படுக்கைகளும் ‘இந்து காலம்’ ஆகும். தில்லியில் சுல்தான் ஆட்சி 1206-இல் தொடங்கியது. சோழர் ஆட்சியோ 1279 வரை நீடித்தது. எனவே சோழர் காலத்து இறுதி 73 ஆண்டுகளில் வார்த்த நடராசர் ‘முகம்மதியர் காலத்து’ நடராசர் ஆவார். சமய நல்லிணக்கம் என்று வேண்டுமானால் மகிழலாம். தகவல் என்ற முறையில் அது குப்பை. அதைவிடப் பெரிய தீங்கு, ஒரே தெருவில் வாழ்ந்த மக்களை அந்தப் பெயர்கள் வீட்டுக்காரர் என்றும் விருந்தாளி என்றும் பிரித்துக் காட்டியதுதான். இன்றைய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவைக் கைவிட்டுவிட்டன. பழைய பதிவேடுகளில் அது இன்னும் இருக்கிறது.

மில்லை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமாகாது. நாமும் ஒன்று செய்திருக்கிறோம். சங்க காலத்துக்கும் பல்லவர் பாண்டியர் எழுச்சிக்கும் இடைப்பட்ட காலத்தை, ஏறத்தாழக் கி.பி. 3 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை, ‘இருண்ட காலம்’ என்று படித்தோம். நானும் தேர்வில் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆண்டவர்கள் களப்பிரர். அவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசும் சான்றுகளுள் முதன்மையானது வேள்விக்குடிச் செப்பேடு. அதை வெளியிட்டவர் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர். அதாவது களப்பிரரை வென்ற குலத்தார். வழக்கில் வென்றவர் எழுதிக் கொடுத்த மனுவை மட்டும் படித்துவிட்டுத் தோற்றவர் வீட்டில் விளக்கே எரியவில்லை என்று நாம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம்.

அந்தக் காலத்தில்தான் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் பல தோன்றின என்பது அறிஞர் பலரின் கருத்து. சிவகங்கை மாவட்டம் பூலாங்குறிச்சிப் பாறையில் சேந்தன் கூற்றன் என்னும் மன்னனின் பெயரோடு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. அவனைக் களப்பிர மன்னனாகக் கருதுவோர் உண்டு. கோயில் ஏற்பாடுகளையும் நில உரிமைகளையும் அது ஒழுங்காகப் பேசுகிறது. இருட்டில் தடவியவர் எழுத்தாக அது தெரியவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி 1970-களிலேயே களப்பிரர் ஆட்சியைப் பற்றித் தனி நூல் எழுதி இந்தப் பெயரை எதிர்த்து வாதாடினார். சான்று நமக்குக் குறைவாகக் கிடைத்தது என்பது நம்முடைய நிலை. அதை அவர்களுடைய நிலையாக அட்டையில் எழுதலாமா?

‘வரலாற்றுக்கு முந்திய காலம்’ என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. எழுத்து வந்ததும் வரலாறு தொடங்குகிறது என்பது விதி. ஆஸ்திரேலியாவின் முதற்குடிகள் 50,000 ஆண்டுகளுக்குக் குறையாமல் அங்கே வாழ்கிறார்கள். விதிப்படி அவர்களுடைய வரலாறு ஆங்கிலேயர் குடியேறிய 1788-இல்தான் தொடங்கும்! அந்த மக்களிடம் அந்த அட்டையைக் காட்டி, ‘சரிதானே?’ என்று கேட்க நமக்குத் துணிவு வருமா? என் மாணவன் அன்று திருகை முன்னால் கேட்டதும் இதே கேள்விதான்.

மீட்டரைப் போலவா?

1875-இல் பதினேழு நாடுகள் பாரிசில் கூடி மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. காலப் பெயர்களுக்கும் அப்படி ஓர் உடன்படிக்கை செய்துவிடலாமே என்று நான் முதலில் நினைத்தேன். நம்மவர்கள் செய்த ஒரு வேலையும் நினைவுக்கு வந்தது. விடுதலைக்குப் பிறகு நாட்டில் ஏறத்தாழ முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் புழங்கின. 1952-இல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர் மேகநாத் சாகா. விண்மீன் ஒளியைப் பகுத்த அதே இயற்பியலார்தான். அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாட்காட்டியாயிற்று. ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். அங்கே அரசாங்கத்தின் சக ஆண்டு ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தால் அதிகம். ஆணையிட்டால் அலுவலகம் மாறும். வாய்ச்சொல் அவ்வளவு எளிதில் மாறாது.

‘கி.மு.’ என்பதற்குப் பதிலாக இப்போது உங்கள் பாடநூல்கள் ‘பொ.ஆ.மு.’ என்று எழுதுகின்றன. எண் மாறவில்லை, எல்லாச் சமயத்தாரும் தயக்கமின்றி எழுதும்படி பெயர் மட்டும் மாறியது. நான் பழைய பழக்கத்தில் கி.மு. என்றே எழுதிவிட்டேன், ஆசிரியர் குழு மன்னிக்க. (எந்தப் பெயரில் எழுதினாலும் கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் சுழியம் கிடையாது. வானியலார் மட்டும் சுழிய ஆண்டு வைத்து எண்ணுவதால் நம் கி.மு. 800 அவர்களுக்கு –799. கணிப்பொறியில் பதிகிறவர்கள் பலர் இந்த ஓராண்டுப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்.)

தொல்பொருள் பதிவாளர்கள் கண்ட வழி மீட்டரின் வழியன்று. இங்கிலாந்தின் பாரம்பரியப் பதிவேடுகளுக்கான காலப் பட்டியலைப் பாருங்கள். வெண்கலக் காலம் கி.மு. 2600 முதல் 700 வரை. இரும்புக் காலம் கி.மு. 800 முதல். ஒரு நூற்றாண்டு இரண்டிலும் இருக்கிறது! கணக்குத் தவறன்று. ஓர் ஊரில் இரும்பு உருகும்போது அடுத்த ஊரில் வெண்கலம் வார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தெரிந்தே வைத்த இடைவெட்டு. அதே பட்டியலில் கி.பி. 43 முதல் 410 வரை ‘ரோமர் காலம்’. ரோமர் ஆளாத அயர்லாந்துக்கு இது பொருந்தாது. ஸ்காட்லாந்தின் பெரும்பகுதிக்கும் பொருந்தாது. எனவே பெயரோடு இடத்தையும் எழுதியாக வேண்டும்.

இதிலிருந்து ஓர் அடி மேலே போனது பீரியட்-ஓ என்னும் கணிப்பொறித் தொகுப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் தொடங்கியது. ‘இரும்புக் காலம் என்றால் இதுதான்’ என்று அது தீர்ப்புக் கூறுவதில்லை. இன்னார், இன்ன நூலில், இன்ன நிலப்பரப்புக்கு, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இந்தப் பெயரைச் சொன்னார் என்று மட்டும் குறித்துவைக்கும். நூறு பேர் நூறு விதமாகச் சொன்னால் நூறும் இருக்கும். எல்லாவற்றிலும் ஆண்டு எண் இருப்பதால், பெயர் வேறுபட்டாலும் கணிப்பொறி ஒன்றோடொன்று பொருத்தித் தேடிவிடும். மீட்டரில் எல்லாரும் ஒரே நீளத்துக்கு உடன்பட்டோம். இங்கே நம்முடைய கருத்து வேறுபாட்டை எந்தப் படிவத்தில் எழுதுவது என்பதற்கு மட்டும் உடன்படுகிறோம். முதலில் எனக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் பட்டது. பிறகு 5568-ஐ நினைத்துக்கொண்டேன்.

பழைய அட்டையை என்ன செய்வது? கிழித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ‘முன்பு பதிந்த பெயர்’ என்று ஒரு கட்டத்தில் அதையும் வைத்திருக்க வேண்டும். பழைய நூல்களைப் படித்துவிட்டு அந்தப் பெயரால் தேடி வருகிறவர் பொருளைக் கண்டடைய வேண்டுமல்லவா? எந்தக் காலத்தில் நாம் எப்படி நினைத்தோம் என்பதும் ஒரு தொல்பொருளே.

மீண்டும் திருகை

காட்சிசாலைக் காப்பாளர் நல்ல மனிதர். மாணவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, “நீயே எழுதிக் கொடு தம்பி” என்றார். காட்சிசாலைத் திருகை யாரிடமிருந்து வந்தது என்பதற்குக் குறிப்பில்லை. ஆகவே முதலில் தன் ஆயா வீட்டுத் திருகைக்கு ஓர் அட்டை எழுதிப் பழகுவது என்று முடிவு செய்தான்.

ஆயாவிடம் கேட்டான். “எங்க மாமியா கண்ணாலம் ஆயி வந்த வருசம் கொத்துனது” என்றார். ஆண்டு தெரியாது. நாங்கள் கணக்குப் போட்டோம். தாத்தாவுக்கு அப்போது ஏறத்தாழ 78 வயது. அதாவது 1946 வாக்கில் பிறந்தவர். அவர் இரண்டாவது பிள்ளை. எனவே அவருடைய தாயார் மணமாகி வந்தது 1935-க்கும் 1944-க்கும் இடையில் இருக்கலாம். வயதில் ஐந்தாண்டு முன்பின் இருந்தால்? இரு பக்கமும் ஐந்து ஆண்டு தள்ளி, 1930 முதல் 1949 வரை என்று எழுதினோம்.

பொருள்: திருகை. பயன்: கேழ்வரகு, சாமை அரைத்தல், இன்றும் புழக்கத்தில். இடம்: ஜவ்வாது மலை. செய்த ஆண்டு: 1930–1949-க்குள். எல்லாம் நிரப்பியபின் ‘காலத்தின் பெயர்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ‘பிரிட்டிஷ் காலம்’ என்று எழுதலாம் என்றான் ஒருவன். 1947-க்குப் பிறகாக இருந்தால் என்ன செய்வாய் என்றான் இன்னொருவன். ‘இருபதாம் நூற்றாண்டு’ என்று நான் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, ‘ஆயாவின் மாமியார் காலம்’ என்று எழுதினான். பக்கத்தில் ‘சொன்னவர்’ என்ற கட்டத்தில், ‘ஆயா’.